சுபிக்ஷாவை மூழ்கடித்தது எது?

கேள்வி: 2008 உலகப் பொருளாதார நெருக்கடிதானே சுபிக்ஷாவை மூடவைத்தது? மளிகையும் மருந்தும் விற்று நன்றாக நடந்த ஒரு சென்னைக் கடைச் சங்கிலி நிறுவனத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: அதே நெருக்கடியின்போது டி-மார்ட்டும் கடை நடத்திக்கொண்டுதான் இருந்தது. அவர்களும் குறைந்த விலைக்கு விற்பவர்கள்தான். ஆனால் அவசரப்படாமல், பெரும்பாலும் சொந்த இடத்தில் ஒவ்வொரு கடையாகத் திறந்தார்கள்.

1997-ல் ஆர். சுப்பிரமணியன் சுபிக்ஷாவைத் தொடங்கியபோது அவர் போட்ட கணக்கு நல்ல கணக்கு. ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது, குடியிருப்புகளுக்கு நடுவே சின்னக் கடை. அதில் மிச்சமான காசு எம்.ஆர்.பி.யில் தள்ளுபடியாக வாடிக்கையாளருக்கே போனது. மாதாமாதம் மாத்திரை வாங்கும் முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம்தான் வேகம் பிடித்தது. தமிழ்நாட்டுக்குள் இருந்தவர்கள் டெல்லி, மும்பை என்று பரவி, சில ஆண்டுகளிலேயே சுமார் 1,600 கடைகளுக்குப் போய்விட்டார்கள். மளிகையில் நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது சில ரூபாய்தான். தள்ளுபடியும் கொடுத்தால் அதுவும் குறையும். சரக்கு வேகமாக விற்று, சப்ளையருக்கு உரிய நாளில் பணம் போய், மறுபடி சரக்கு வந்தால்தான் இந்த வியாபாரம் ஓடும். இவர்களோ சொந்த மூலதனத்தைவிடப் பல மடங்கு கடன் வாங்கிக் கடை திறந்தார்கள். பழைய கடையின் லாபம் புதுக் கடையின் வட்டிக்குக்கூடக் காணாது. 2008 கடைசியில் புதுப்பணம் வரவில்லை. சப்ளையர்கள் சரக்கை நிறுத்தினார்கள். அலமாரி காலியானாலும் வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. 2009 தொடக்கத்தில் கடைகள் வரிசையாக மூடின. என்றைக்கோ வரவேண்டிய முடிவை நெருக்கடி கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் கடை மூடியதில் இல்லை. வியாபாரம் தோற்கலாம். ஆனால் சம்பளப் பாக்கியோடு தெருவில் நின்ற ஊழியர்கள் எந்த விரிவாக்கத் திட்டத்திலும் கையெழுத்துப் போடவில்லையே! சுப்பிரமணியனின் இன்னொரு நிறுவனமான விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்களின் வழக்கு தனி. அதில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது 2023 நவம்பரில். கடைகள் மூடிப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. பணம் போட்டவர்களில் பலர் முதியவர்கள்.