இண்டியானாவின் கொலம்பஸ்: இரண்டு நாளில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: சிகாகோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறோம். அக்டோபர் மூன்றாம் வாரம், வெள்ளி - சனி இரண்டு நாள் காரில் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குப் போக நினைக்கிறோம். கணவருக்கு முழங்கால் வலி. ஏழு வயதுப் பேரனும் வருகிறான். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: முதல் வேலை ஜிபிஎஸ்ஸைச் சரிபார்ப்பது. வெறுமனே 'கொலம்பஸ்' என்று போட்டால் பக்கத்து மாநிலமான ஒஹையோவின் தலைநகருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நீங்கள் பார்க்கப்போகும் பூங்காவை ஒட்டிய சிற்றூரின் பெயரான 'நாஷ்வில்' என்று போட்டாலும் இதே கதைதான், டென்னசிக்கு வழி காட்டும். இரண்டுக்கும் 'இண்டியானா' என்று சேர்த்துப் போடுங்கள். அடுத்தது கடிகாரம். சிகாகோவைவிடக் கொலம்பஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 8-க்குக் கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டினால் அங்கே பகல் 1 மணி ஆகியிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் முன்பதிவு செய்த சுற்றுலாவைத் தவறவிடுவது எளிது.

இந்தச் சிற்றூரில் பெரிய கட்டடக் கலைஞர்களின் படைப்புகள் ஏன் இத்தனை? கம்மின்ஸ் இன்ஜின் நிறுவனத்தை நடத்திய ஜே. இர்வின் மில்லர்தான் காரணம். பொதுக் கட்டடம் கட்டுவோர் அந்நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் பட்டியலிலிருந்து கலைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வடிவமைப்புக் கட்டணத்தை அறக்கட்டளையே கொடுத்துவிடும் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடங்களில் தொடங்கி தீயணைப்பு நிலையம் வரை இப்படித்தான் எழுந்தன.

மில்லரின் வீடுதான் முக்கியமான இடம். ஏரோ சாரினென் வடிவமைத்து 1957-இல் முடிந்த வீடு. உள் அலங்காரம் அலெக்சாண்டர் ஜிரார்ட், தோட்டம் டான் கைலி. கூடத்தின் நடுவே தரையைப் பள்ளமாக்கி அமைத்த உட்காரும் இடம் உலகப் புகழ் பெற்றது. இந்த வீட்டு வாசலுக்கு நீங்களாகக் காரில் போக முடியாது. ஐந்தாம் தெருவில் உள்ள பார்வையாளர் மையத்திலிருந்து வேனில் அழைத்துப் போவார்கள், மொத்தம் ஒன்றரை மணி நேரம். இடங்கள் குறைவு, அக்டோபரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஓட்டலுக்கு முன்பே இந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். சனி காலை கிடைத்தால் நல்லது. வீடு ஒரே தளம்தான், ஆனால் நின்றபடியே பார்க்க வேண்டும், அங்குள்ள நாற்காலிகளில் உட்கார முடியாது. முழங்கால் தாங்குமா என்று யோசியுங்கள். எதையும் தொடாமல் ஒன்றரை மணி நேரம் இருப்பது ஏழு வயதுக்குக் கடினம். நீங்களும் மகளும் முறைபோட்டுப் போவதே என் பரிந்துரை.

மற்றவர்கள் அந்நேரத்தில் காமன்ஸ் என்ற பொது அரங்கில் இருக்கலாம். உள்ளேயே பேரன் ஏறி விளையாட இடம் உண்டு. சுவிஸ் சிற்பி ழான் டிங்குலியின் 30 அடி உயர இயந்திரச் சிற்பமும் அங்கேதான் இருக்கிறது. அது எப்போது ஓடும் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி, 1900-இல் தொடங்கிய ஜஹராக்கோஸ் ஐஸ்கிரீம் கடை.

கணவருக்கு ஏற்ற இடம் ஐந்தாம் தெருதான். பார்வையாளர் மையம், ஐ.எம். பேய் கட்டிய நூலகம் (1969), அதன் முற்றத்தில் சிற்பி ஹென்றி மூரின் 20 அடி வெண்கல வளைவு, எதிரே எலியல் சாரினெனின் முதல் கிறிஸ்தவ தேவாலயம் (1942), எல்லாம் ஒரு தெருவைக் கடக்கும் தூரத்துக்குள் அடங்கிவிடும். தேவாலயத்தின் 166 அடி மணிக்கூண்டு ஒரு பக்கமாக விலகி நிற்பதையும், முகப்பில் உள்ள சிலுவை நடுவில் இல்லாததையும் கவனியுங்கள். சமச்சீரை வேண்டுமென்றே உடைத்திருக்கிறார். மகன் ஏரோ கட்டிய அறுகோண வடிவ நார்த் கிறிஸ்டியன் தேவாலயத்துக்குக் காரில்தான் போக வேண்டும். 192 அடி ஊசிக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை ஊருக்குள் நுழையாமல் நேராகப் பிரவுன் கவுன்டி மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஐ-65 நெடுஞ்சாலையில் 68-ஆம் வெளிவழியில் இறங்கி, 46-ஆம் எண் சாலையில் மேற்கே சுமார் 15 மைல். இலைகள் நிறம் மாறும் உச்சக் காலம் அது. சனிக்கிழமை போனால் நாஷ்வில் ஊருக்கு முன்பே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வடக்கு வாசலில் 1838-இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது. உயரமான வேனில் வந்தால் அதில் நுழைய முடியாது, மேற்கு வாசலுக்குப் போங்கள். வெளிமாநில நம்பர் பிளேட்டுக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல். பூங்காச் சாலையோரக் காட்சிமுனைகளில் காரை நிறுத்தினால் மலைச்சரிவு முழுவதும் தெரியும், ஏறி இறங்கவே வேண்டாம். சூரியன் மறைய ஏறக்குறைய மாலை 7 மணி ஆகும் என்பதால் அவசரம் இல்லை. இரவு தங்கக் கொலம்பஸே வசதி.

சனிக்கிழமை கிளம்பும் முன் நீதிமன்ற வளாகத்தில் உள்ள போர்வீரர் நினைவிடத்தை விட்டுவிடாதீர்கள். 40 அடி உயரச் சுண்ணாம்புக்கல் தூண்கள் 25, நெருக்கமாக நிற்கின்றன. நடுவே நடந்தால், போரில் மாண்டவர்களின் பெயர்களும் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் தூண்களில் செதுக்கியிருப்பது தெரியும். வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கடிதங்கள் கண்ணில் படுவதே இல்லை. பகல் வெளிச்சத்தில் போங்கள், எழுத்துகளைப் படிக்க வசதியாக இருக்கும். கொலம்பஸ் நேரப்படி மாலை 4-க்குப் புறப்பட்டால் இழந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும், சிகாகோ கடிகாரப்படி 7 மணிக்கு வீடு சேரலாம்.