கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் மின் சைக்கிளில் வேலைக்குப் போய்வர முடியுமா? மிதிக்கவே வேண்டாமா?

மிதிக்காமல் போவதுதான் ஆசை என்றால் ஸ்கூட்டரே வாங்கிவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. "மோட்டார் வச்சு ஓட்டுறதெல்லாம் ஒரு சைக்கிளா?" என்று எங்கள் மாமா முதல் டீக்கடைக்காரர் வரை கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது.

நீங்களும் மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். காலையில் ஒரு கஷ்டமும் இல்லை, ரோடு சமதளம். சாயங்காலம் திரும்பும்போதுதான் தெரியும் சேதி. தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று கிருமாம்பாக்கம் தாண்டியதும் மூஞ்சியில் அறையும். பெண்ணையாற்றுப் பாலத்தில் யாரோ கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். நம் வேகமும் சேர்ந்து மூஞ்சியில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்தக் காற்றுக்காகத்தான் மோட்டார் போட்டேன். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கால் வேறு, என் கால் வேறு.

என்னுடையது பின்சக்கர ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே மோட்டார்; கியர் உள்ள வகை. உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், அவற்றைச் சுற்றிக் காந்தங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி சுருள்களுக்கு மாற்றி மாற்றி கரண்ட் கொடுக்க, காந்தம் அதன் பின்னாலேயே ஓடும். காந்தம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது ஹால் சென்சார்; மூன்று இருக்கும். கியர் உள்ள ஹப் என்றால் மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் நாலைந்து மடங்கு குறைத்துச் சக்கரத்துக்கு இழுவிசை தரும். பேட்டரி தீர்ந்தாலும் உள்ளே இருக்கும் கிளட்ச் விடுபட்டுவிடும், சாதா சைக்கிள் மாதிரி மிதித்து வீடு வந்து சேரலாம். கியர் இல்லாததில் காந்தமே பிரேக் பிடிக்கும். நம் காற்றுக்கு அது வேண்டாம்.

ஒரு ஐப்பசி மழையில் அரியாங்குப்பம் பக்கம் வண்டி திடீரென்று உதற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டர் திருகினால் டக் டக்கென்று ஒரு சத்தம், சக்கரம் முன்னே போகாமல் குலுங்கும். கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பின்சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டே என்ற கீழ்க்கம்பி ஓரமாக வரும் மோட்டார் ஒயரின் கனெக்டரைப் பிரித்தால், ஒரு பின் முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து செய்த வேலை. வோல்டேஜ் பார்க்கும் மல்டிமீட்டரை வைத்துச் சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றினேன். இரண்டு ஹால் ஒயரில் வோல்டேஜ் ஏறி இறங்கியது, மூன்றாவதில் அசைவே இல்லை. களிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினேன், ஓடியது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். 250 வாட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. கூடவே மிதித்தால்தான் எதிர்க்காற்றில் கணக்கு சரிவரும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்டிருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். கடைக்காரர் இதற்கு மேல் வேகம் 'திறந்துவிடுகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் சட்டப்படி அது சைக்கிளே இல்லை.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது கல்யாண மண்டபத்து வாட்ச்மேன்தான். புல்லட்டில் வருகிறவனுக்கு சல்யூட் அடிப்பார், நான் சைக்கிளோடு நின்றால் "கேட்டரிங் ஆளா? பின்பக்கம் போ" என்பார். மொய்க்கவரைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்! கார் நிறுத்த இடம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இடம் இருக்கிறது, சைக்கிளுக்கு மட்டும் இந்த ஊரில் சுவரோரம் ஒரு முழம் கிடையாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போய்வரலாம், ஆபீசில் சார்ஜ் போட விடுவார்கள் என்றால். வாங்குவதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.