வேலையில் சேரும் முன், கோடை விடுமுறையில் தனியாக மொரிஷியஸ் வர நினைக்கிறேன். எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிகிறது, கையில் நியமனக் கடிதம் இருக்கிறது, ஆகஸ்டில் வேலையில் சேர வேண்டும். நடுவில் ஒரு வெளிநாட்டைத் தனியாகப் பார்த்துவிட ஆசை. பெண், முதல் வெளிநாட்டுப் பயணம், வீட்டில் அரை மனதுடன் தலையாட்டியிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, கத்ர் போர்ன் ஊரில் பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கோடையை மறந்துவிடுங்கள். மே கடைசியும் ஜூனும் உங்களுக்குத்தான் வெயில் காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு அது குளிர்காலம். பயந்துவிட வேண்டாம், கடற்கரையில் பகல் பொழுது இதமாகவே இருக்கும். ஆனால் தீவின் நடுவில் உள்ள மேட்டு நிலம் வேறு கதை. சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பில் தூறலும் குளிர்காற்றும் ஓயாது, ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் இல்லாமல் அங்கே இறங்கினால் பல் கிடுகிடுக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் எங்களுக்குப் புயல் காலம். ஆகவே நீங்கள் வரும் மாதங்கள் நடப்பதற்கும் மலையேறுவதற்கும் உண்மையில் நல்லவை. கூட்டம் குறைவு, அறை வாடகையும் இறங்கியிருக்கும். கடலில் இறங்குவதானால் மேற்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் போங்கள். இந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று பெல் மார் பக்கத்துக் கிழக்குக் கரையை நேராக அறையும். விளம்பரப் படத்தில் பார்த்த பச்சைக் கடல் அங்கே கலங்கிக் கிடக்கும்.

விசா கவலை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு விமான நிலையத்திலேயே கட்டணமின்றி முத்திரை குத்துகிறார்கள். ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இருபத்திரண்டு வயதில் தனியாக வந்து நிற்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். மூன்றையும் தாளில் அச்சடித்து எடுத்து வாருங்கள். கைபேசியில் சார்ஜ் இல்லை என்ற கதை அந்தக் கவுண்டரில் எடுபடாது. புறப்படும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய பயணப் படிவம் ஒன்று உண்டு. அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் தங்கும் முகவரியைச் சரியாக எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 1973இல் மொரிஷியஸுக்குச் சான்று கொடுத்தது. அந்தப் பெயரை இவர்கள் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களைச் சுகாதார ஊழியர்கள் தேடி வந்து ரத்தம் எடுப்பதுண்டு. என் அக்கா மகள் வந்திருந்தபோது காலை எட்டு மணிக்கு வாசலில் ஒருவர் பையோடு நின்றார். பெயரைச் சரிபார்த்தார், விரலில் குத்தினார், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தடவிக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள்தான் போலீஸ் வந்துவிட்டது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

இனி முக்கியமான விஷயம், எங்கே தங்குவது என்பது. இணையத்தில் தேடினால் கடலோர விடுதிகளைத்தான் காட்டும். அவற்றைப் புதுமணத் தம்பதிகளுக்காகவே கட்டியிருக்கிறார்கள். விலையை இருவருக்கென்று போட்டிருப்பார்கள், ஒருவராகப் போனாலும் கிட்டத்தட்ட அதே தொகையைக் கறப்பார்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் மெழுகுவத்திக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்துப் பரிமாறுகிறவர் பரிதாபப்படுவார். அந்தப் பக்கமே போகாதீர்கள். தீவு மொத்தமே நீளத்தில் 65 கிலோமீட்டர், அகலத்தில் 45 கிலோமீட்டர். நடுவில் ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டால் எந்தக் கரைக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ரோஸ் ஹில் அல்லது கத்ர் போர்னில் ஒரு குடும்பம் வாடகைக்கு விடும் மாடி அறை உங்களுக்குப் பொருத்தம். கீழே வீட்டுக்காரர்கள் இருப்பார்கள், பக்கத்தில் சந்தை இருக்கும், போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பீப் வரை ஓடும் மெட்ரோ ரயிலும் இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. என் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்): கத்ர் போர்ன் பஸ் நிலையத்திலிருந்து ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கும், லெ மோர்ன் மலை அடிவாரம் வழியாகத் தெற்கே போவதற்கும் நேரடி பஸ் உண்டு.

பஸ் என்றதும் பாதுகாப்பு பற்றியும் பேசிவிடலாம். உங்கள் அம்மா கேட்கும் கேள்வி அதுதானே. பகலில் பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாகப் போகும் பெண்கள் இங்கே ஏராளம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்கல் இருட்டிய பிறகுதான். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கிராமத்துப் பக்கப் பஸ்கள் மாலை ஆறு, ஆறரையோடு நின்றுவிடும். அப்புறம் டாக்ஸிதான். பெரும்பாலும் மீட்டர் போடமாட்டார்கள், இருட்டில் நிற்கும் வெளியூர்க்காரரிடம் பேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு நாளையும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், இறங்கியதும் நடத்துநரிடம் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேளுங்கள், அதற்கு முந்தைய பஸ்ஸையே பிடியுங்கள். வீட்டில் நீங்கள் ஆயிரம் வாதம் செய்வதைவிட, தங்கும் வீட்டின் முகவரி, வீட்டுக்காரம்மாவின் எண், "இருட்டும் முன் அறைக்கு வந்துவிடுவேன்" என்ற ஒரு வரி, இவை மூன்றும் அதிகம் பேசும்.

கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள் என்பேன். கூட்டத்தை விட்டு விலகிப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் தனியாக வரும் பெண்ணுக்கு வெறிச்சோடிய கரையைவிடக் குடும்பங்கள் நிறைந்த கரைதான் நிம்மதி. சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, வீட்டிலிருந்து அண்டாவோடு பிரியாணியைத் தூக்கி வந்து, பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ரவான் மேளத்தைச் சுள்ளி நெருப்பில் சூடுகாட்டித் தட்டத் தொடங்கினால் சேகா ஆட்டம் ஆரம்பம். பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவருக்கு ஒரு தட்டு நீட்டாமல் இவர்கள் சாப்பிடமாட்டார்கள்.

தமிழ் பேசிச் சமாளிக்கலாம் என்று வந்துவிடாதீர்கள். இங்குள்ள தமிழர்களின் முன்னோர் 1730களிலேயே பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக இன்னும் பலர் வந்தார்கள். கோயில், காவடி, விரதம் எல்லாம் உறுதியாக நிற்கின்றன, தைப்பூசத்துக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் அதை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் வீட்டுப் பேச்சு கிரியோல், பிரெஞ்சை அடிப்படையாகக் கொண்ட உள்ளூர் மொழி. வணக்கத்துக்கு வணக்கம் கிடைக்கும், அடுத்த வரி கிரியோலில் வரும். ஆங்கிலம் பெரும்பாலும் போதும், பத்துக் கிரியோல் சொற்கள் தெரிந்தால் சந்தையில் மரியாதையே தனி. மதுரைக்காரி என்பதால் போர்ட் லூயிஸில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலைப் பார்க்கச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே நாளில் துறைமுகத்தை ஒட்டிய ‘ஆப்ரவாசி காட்’ (Aapravasi Ghat) என்ற படித்துறையையும் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய கல் படிகள் அங்கே இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

பணம். இங்கும் ரூபாய்தான் என்பதால் விலைப்பலகை ஏமாற்றும். மொரிஷியஸ் ரூபாய் ஒன்று ஏறக்குறைய இரண்டு இந்திய ரூபாய். எதைப் பார்த்தாலும் இரண்டால் பெருக்குங்கள், பிறகு வாங்குங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்து வைக்கப்பட்டிருக்கும், கிளம்பும் முன் திறந்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ரூபே அட்டையும் யுபிஐயும் இங்கே செல்லும். ஆனால் தால் பூரிக் கடைக்காரரிடம் அதை நீட்டினால் சிரிப்பார், சில்லறை வேண்டும். தால் பூரியைத்தான் உங்கள் பட்ஜெட்டின் தூணாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாகத்தான் தருவார்கள்: மெல்லிய இரண்டு பூரியைப் பரப்பி, மொச்சை போன்ற பருத்த வெள்ளைப் பயற்றுக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, மிளகாய் வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டு, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கையில் திணிப்பார்கள். சைவம், வயிறு நிறையும், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.

கடன் வாங்கி வர வேண்டாம். முதல் மாதச் சம்பளம் வருவதற்குள் தவணை வந்து நிற்கும். மலேசியா, இலங்கை என்று அருகிலேயே முடித்துக்கொண்டு, சம்பாதித்த பிறகு இங்கே வந்தாலும் மோர்ன் மலை நகர்ந்துவிடாது.

சேரும் தேதியைப் பற்றி ஒன்று. கல்லூரி வளாகத் தேர்வில் கிடைத்த வேலைகளில் ஆகஸ்ட் என்று சொல்லிவிட்டு ஜூலையிலேயே வரச் சொல்வதும் உண்டு, ஜனவரிக்குத் தள்ளிப்போடுவதும் உண்டு. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஜூன் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவதுபோல் வைத்துக்கொண்டால் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, வெளியூரில் அறை தேடுவது எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கும். அசல் சான்றிதழ்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நகலைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, நிறுவனத்திலிருந்து வரும் மின்னஞ்சலைத் தினமும் ஒரு தடவை பாருங்கள்.

பெட்டி கட்டும்போது: மின்சிகரெட் இங்கே தடை. தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டும், மருந்துச் சீட்டில்லாமல் எதையும் எடுத்து வராதீர்கள். செடி, விதை, பழம் எதுவும் அனுமதியில்லாமல் உள்ளே வரக்கூடாது. ஊறுகாய் பரவாயில்லை. கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் வைக்க விடாதீர்கள், அது இங்கே சந்தையிலேயே கிடைக்கிறது.