கூட்டிக்கிட்டே போனா எங்க போய் நிக்கும்?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல முடிவில்லாத சீரிஸ் பத்தித்தான் இருக்கு, செமஸ்டர் நெருங்குது போல. நாலு மட்டும் எடுத்துருக்கேன். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: சார், 1 + 1/2 + 1/3 + 1/4 இப்படியே கூட்டிக்கிட்டே போனா முடிவிலிக்குப் போயிடும், அது டைவர்ஜ் ஆகுற சீரிஸ்னு கிளாஸ்ல மேடம் சொன்னாங்க. நான் சி-யில ஒரு சின்ன புரோகிராம் எழுதி நூறு கோடி டெர்ம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், 15.403683-ல வந்து நின்னுடுச்சு, அதுக்கு மேல ஒரு புள்ளி நகரல. அப்ப மேடம் சொன்னது தப்புதானே?
(பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷ மாணவர், விழுப்புரம்)

பதில்: தம்பி, முதல்ல மேடம்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, அவங்க சொன்னதுதான் சரி. நீங்க புரோகிராம்ல டோட்டலை ஃப்ளோட்னு, அதாவது புள்ளி வெச்ச எண்ணைக் குறைஞ்ச இடத்துல வைக்கிற வகையில, டிக்ளேர் பண்ணிருக்கீங்க. எப்படித் தெரியும்னா, அந்த 15.403683-ங்கிற நம்பரே காட்டிக் குடுத்துடுது. ஃப்ளோட்ல ஒரு எண்ணுக்கு 24 பைனரி இலக்கம்தான் இடம், அதனால 8-க்கும் 16-க்கும் நடுவுல மெஷினுக்குத் தெரிஞ்ச பக்கத்துப் பக்கத்து எண்ணுங்களுக்கு இடைவெளி 1/1048576. அதுல பாதியைவிடச் சின்னதா எதைக் கூட்டினாலும் ரவுண்ட் பண்ணி பழைய இடத்துலயே உக்காந்துக்கும். பாதின்னா 1/2097152. ஆக உங்க புரோகிராம் 20,97,152-வது டெர்ம்ல நின்னுபோச்சு, மீதி 99 கோடி சொச்சமும் வெட்டியா ஓடினதுதான். லாரி எடை போடுற பாலத்துல ஒவ்வொரு கடுகா வெச்சுக்கிட்டே இருந்தா முள்ளு அசையுமா?

டபுள்னு (ஃப்ளோட்டைவிட ரெண்டு மடங்கு இடம் உள்ள வகை) மாத்தினா சரியாயிடுமான்னு அடுத்து கேப்பீங்க. ஆகாது. அது 34 பக்கத்துல போய் நிக்கும், அங்க போய்ச் சேரவே 281 லட்சம் கோடி டெர்ம் கூட்டணும், செகண்டுக்கு நூறு கோடி கூட்டினாலும் மூணு நாளுக்கு மேல ஃபேன் கத்திக்கிட்டு கிடக்கும்.

இப்ப மெஷினை மூடி வெச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க. 1/3-யும் 1/4-யும் ஒரு மூட்டையா கட்டுங்க, ரெண்டுமே 1/4-க்குக் குறையாது, அப்ப மூட்டை அரையைவிடப் பெருசு. அடுத்து 1/5-லேருந்து 1/8 வரைக்கும் நாலு டெர்ம், ஒவ்வொண்ணும் 1/8-க்குக் குறையாது, அந்த மூட்டையும் அரைக்கு மேல. அடுத்த எட்டு டெர்ம் 1/16 வரைக்கும், திரும்ப அரைக்கு மேல. இப்படி அரை அரையா எத்தனை மூட்டை வேணும்னாலும் கட்டிக்கிட்டே போகலாம், எந்தச் சுவரும் தடுக்காது. அவ்வளவுதான் நிரூபணம். சுமார் 1350-லயே நிக்கோல் ஒரெம்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் இதைப் போட்டுட்டாரு, அப்புறம் ஊரே மறந்துபோய் 17-ம் நூற்றாண்டுல மெங்கோலி, பெர்னூலி மாதிரி கணிதக்காரங்க எல்லாம் வேற வேற வழியில திரும்பக் கண்டுபிடிச்சாங்க.

ஆனா உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. ஒவ்வொரு மூட்டைக்கும் போன தடவையைவிட ரெண்டு மடங்கு டெர்ம் வேணும்ல, அதனால ஆமை இதுகிட்ட தோத்துடும். 10-ஐத் தாண்ட 12,367 டெர்ம், 20-ஐத் தாண்ட 27,24,00,600 டெர்ம். 100-ஐத் தாண்ட எத்தனைன்னா அது 44 இலக்க எண். போறது மட்டும் நிச்சயம், கண்ணால பாக்க முடியாது.

கேள்வி: ரேஷியோ டெஸ்ட் போட்டா பாதிக் கணக்குல ஒண்ணுன்னே வருது சார். டெஸ்ட் ஃபெயில்னு எழுதி அங்கயே விட்டுட்டா மார்க் தருவாங்களா?
(இன்ஜினியரிங் மாணவி, சேலம்)

பதில்: அரை மார்க் தருவாங்க மா, இரக்கப்பட்டு.

ரேஷியோ டெஸ்ட்னா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க, ஒவ்வொரு டெர்மையும் முந்தின டெர்மால வகுத்து அந்த விகிதம் எங்க போகுதுன்னு பாத்து, நம்ம சீரிஸைக் கொண்டுபோய் ஒரு பெருக்குத் தொடர் (ஒரே எண்ணால பெருக்கிக்கிட்டே போறது) பக்கத்துல நிக்க வெச்சு உயரம் பாக்குறோம், அவ்வளவுதான். ஃபேக்டோரியல் இருந்தாலோ 2, 3 மாதிரி எண்ணோட பவர் ஏறிக்கிட்டே போனாலோ வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். ஆனா 1/2, 1/3, 1/4-னு போற சீரிஸ்லயும் ஒண்ணுதான் வரும், அதையே ஸ்கொயர் பண்ணி 1/4, 1/9, 1/16-னு போட்டாலும் ஒண்ணுதான் வரும், முதலாவது டைவர்ஜ், ரெண்டாவது கன்வெர்ஜ், அதாவது ஒரு எண்கிட்ட போய் நின்னுடும். அதனால ஒண்ணு வந்தா "இந்த அளவுகோல் பத்தாது, நுணுக்கமானது எடு"ன்னு அர்த்தம்.

அந்த ஸ்கொயர் சீரிஸ் ஏன் கன்வெர்ஜ் ஆகுதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பாத்துட்டா கம்பாரிசன் டெஸ்ட்டே (தெரிஞ்ச சீரிஸோட ஒப்பிட்டுப் பாக்குறது) மனசுல ஒட்டிக்கும். 1/4-ங்கிறது 1 - 1/2-ஐவிடச் சின்னது. 1/9-ங்கிறது 1/2 - 1/3-ஐவிடச் சின்னது. 1/16-ங்கிறது 1/3 - 1/4-ஐவிடச் சின்னது. வலது பக்கம் எல்லாத்தையும் கூட்டினா நடுவுல உள்ளது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு 1-ஐத் தாண்டாது, அப்ப முதல் டெர்ம் 1-ஐயும் சேத்தா மொத்தமா 2-க்குள்ள அடங்கிடும். டெர்ம் எல்லாம் பாசிட்டிவ், ஏறிக்கிட்டே போகுது, மேல கூரை இருக்கு, எங்கயோ நின்னுதான் ஆகணும். சரியா எங்கன்னு சொல்றதுதான் கஷ்டம், 1734-ல கணித மேதை ஆய்லர் வந்துதான் பை ஸ்கொயர் பை ஆறு, அதாவது 1.6449 சொச்சம்னு சொன்னாரு. டெஸ்ட் நிக்குமா நிக்காதான்னுதான் சொல்லும், எங்க நிக்கும்னு சொல்லாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பரீட்சைக்குன்னா, கீழ வெறும் பவர் மட்டும் இருந்தா பி-சீரிஸ் (அந்தப் பவர்தான் பி, அது ஒண்ணுக்கு மேலன்னா கன்வெர்ஜ்), லாக் வந்தா இன்டெக்ரல் டெஸ்ட் (கூட்டலுக்குப் பதிலா தொகையீடு போட்டுப் பாக்குறது), இதுலயே முக்கால்வாசி முடிஞ்சிடும். ஒரு கண்ணிவெடி மட்டும் சொல்லிடுறேன், வருஷா வருஷம் பேப்பர் திருத்தும்போது பாக்குறேன். கீழ 2-க்குப் பவர் 1½, 3-க்குப் பவர் 1⅓, 4-க்குப் பவர் 1¼, இப்படிப் போற சீரிஸ். பவர் எல்லாம் ஒண்ணுக்கு மேலதானே, பி-சீரிஸ், கன்வெர்ஜ்னு எழுதி அடியில கோடு வேற போட்டுடுறாங்க. தப்பு. பி-ங்கிறது மாறாம ஒரே எண்ணா இருக்கணும். இங்க ஒண்ணுக்கு மேல ஒட்டிக்கிட்டிருக்கிற பவர் 1/2, 1/3, 1/4-னு தேய்ஞ்சு போயிட்டே இருக்கு, அந்தப் பவர்னா ரெண்டாவது மூலம், மூணாவது மூலம்னு அர்த்தம், ஆயிரத்தோட ஆயிரமாவது மூலம் எவ்வளவுன்னு பாருங்க, 1.007 தான். எந்த எண்ணை எடுத்தாலும் அதோட அந்த மூலம் 2-ஐத் தாண்டாது. அப்ப ஒவ்வொரு டெர்மும் 1/2, 1/3, 1/4 சீரிஸோட டெர்ம்ல பாதிக்குக் குறையாது, அந்தப் பாதியே டைவர்ஜ் ஆகுது, இதுவும் ஆகும்.

கேள்வி: 1+2+3+4... எல்லாம் கூட்டினா மைனஸ் 1/12-னு ராமானுஜன் சொன்னதா வாட்ஸ்அப்ல வீடியோ வருதே, நிஜமா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருச்சி)

பதில்: ஐயா, சாதாரணமா நாம கூட்டுற அர்த்தத்துல கிடையவே கிடையாது. டெர்ம் எல்லாம் சைபரை நோக்கிப் போகலைன்னா முதல் டெஸ்ட்லயே அவுட், இது சைபர் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா ராமானுஜன் எழுதினது உண்மை. 1913 பிப்ரவரி 27 தேதி போட்டு மெட்ராஸ்லேருந்து இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பின லெட்டர்ல, என் தியரிப்படி இதோட கூட்டுத்தொகை மைனஸ் 1/12, இதைச் சொன்னா நேரா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீங்கன்னு அவரே எழுதிருக்காரு. அந்த "என் தியரிப்படி"-யைத்தான் வீடியோக்காரங்க கத்தரிச்சுடுறாங்க. கூட்டுத்தொகைங்கிற சொல்லுக்கே அங்க வேற விளக்கம்.

கேள்வி: 1 + 1/2 + 1/3 சீரிஸ்ல 9-ங்கிற இலக்கம் வர்ற எண்களை (9, 19, 90, 1947 மாதிரி) எல்லாம் தூக்கிட்டா கன்வெர்ஜ் ஆயிடும்னு நண்பன் பந்தயம் கட்டுறான். கொஞ்சம் எண்ணைத்தானே எடுக்குறோம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பந்தயக் காசைக் குடுத்துடுங்க. கொஞ்சம்னு நினைக்கிறதுலதான் ஏமாந்துட்டீங்க. நூறு இலக்க எண்களை எடுத்துக்கிட்டா 9 இல்லாதது லட்சத்துக்கு மூணுகூடத் தேறாது. கணக்கைப் பாருங்க, ஒரு இலக்கத்துல மிஞ்சுறது 8 எண், ஒவ்வொண்ணோட பங்கும் 1-ஐத் தாண்டாது, ஆக 8-க்குள்ள. ரெண்டு இலக்கத்துல 72 எண், ஒவ்வொண்ணும் 1/10-ஐத் தாண்டாது, 7.2-க்குள்ள. மூணு இலக்கத்துல 648, பங்கு 1/100, 6.48-க்குள்ள. ஒவ்வொரு படிக்கும் 0.9 மடங்கு, மொத்தம் 80-ஐத் தாண்டவே தாண்டாது. 1914-ல கெம்ப்னர்னு ஒருத்தர் காட்டினது இது. சரியான தொகை 22.92 கிட்ட வரும்.

விழுப்புரம் தம்பி, நீங்களும் இதைப் படிச்சிருப்பீங்க, உங்க ஃப்ளோட் புரோகிராம்ல 9 வர்றதை ஸ்கிப் பண்ண ஒரு இஃப் போட்டு ஓட்டிப் பாருங்க. அதே 20,97,152 பக்கத்துலயேதான் நின்னுபோகும், ஆனா டோட்டல் 11-க்கும் 12-க்கும் நடுவுல இருக்கும், நிஜத் தொகையில பாதிதான். ஒண்ணு முடிவிலிக்குப் போற சீரிஸ், இன்னொண்ணு 22.92-ல நிக்கிற சீரிஸ், உங்க மெஷின் ரெண்டையும் ஒரே ஸ்டாப்ல இறக்கி விட்டுடுது.