கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: விருந்தில் பீர் குடித்துவிட்டு பைக்கில் வந்த என் மகனைச் சென்னையில் இரவுச் சோதனையில் பிடித்துவிட்டார்கள். ஊதச் சொன்னதில் 62 காட்டியதாம். பின்னால் அவனுடைய நண்பன் உட்கார்ந்திருந்தான். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. 6,000 ரூபாய் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? லைசென்ஸ் போய்விடுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம் என்று 500 ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் குற்றம். உங்கள் மகனுக்கு அதைப்போல இரு மடங்கு இருந்திருக்கிறது. முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாததற்குப் பணம் கட்டி முடிப்பதுபோல இதை முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. மாஜிஸ்திரேட்தான் முடித்துவைக்க வேண்டும். அப்படியிருக்க, 10,000 ரூபாய் விவகாரத்தை 6,000 ரூபாய்க்கு யாரால் முடிக்க முடியும்?

இந்த ஆட்கள் செய்வது இதுதான். வழக்கு இன்னும் கோர்ட்டுக்கே போயிருக்காது. பணத்தோடு ஒரிஜினல் ஆர்.சி.யையும் வாங்கிக்கொள்வார்கள். சில நாளில் வண்டி எப்படியும் வெளியே வரும், அதைத் தங்கள் சாதனையாகக் காட்டுவார்கள். மாதங்கள் கழித்து சம்மன் வரும்போது போனை எடுக்க மாட்டார்கள். சம்மனுக்குப் போகாவிட்டால் அடுத்தது வாரண்ட். ஸ்டேஷன் வாசலிலேயே நின்று ஆள் பிடிப்பவர்களை அங்கே உள்ளவர்களுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான்.

வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸோடு நீங்களே போங்கள், லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு. தர மறுத்தால் கோர்ட்டில் மனு போடலாம். வண்டி வெயிலிலும் மழையிலும் வீணாய்க் கிடப்பதால் யாருக்கு என்ன லாபமோ.

லைசென்ஸ் விஷயத்தில் ஆறுதல் சொல்ல முடியாது. தண்டனை உறுதியானால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை விதிக்கச் சட்டம் சொல்கிறது. அந்த நாட்களில் ஓட்டினால் அது தனிக் குற்றம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் தவறாகப் பயன்படுத்துவது இதைத்தான். "இருமல் மருந்து குடித்தேன், வாய் கொப்பளித்தேன்" என்ற சமாதானம். வாயில் தங்கிய ஆல்கஹால் மெஷினில் அதிகமாகக் காட்டலாம், உண்மைதான். ஆனால் அது பதினைந்து இருபது நிமிடத்தில் போய்விடும். நிஜமாகவே மருந்துதான் என்றால் அங்கேயே சொல்லி, சற்று நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். அதிலும் காட்டினால் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதும் சட்டம். மறுநாள் மருந்துச் சீட்டோடு வந்தால் எனக்கே நம்பிக்கை வராது. பீர் குடித்த பையனுக்கு இந்தக் கதை வேண்டாம்.

மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் இறங்கும். நள்ளிரவில் 120 இருந்தவர் 30-க்கு வர காலை ஆறு மணி ஆகும்.

நண்பனையும் கூப்பிட்டுப் பேசுங்கள். 188-வது பிரிவின்படி உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. சென்னையில் 2022 அக்டோபர் முதல் பின்னால் உட்கார்ந்தவர்கள் மீதும் வழக்குப் போட ஆரம்பித்தார்கள். அவன் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று சலானில் பாருங்கள். அந்த ஆள் அவனிடம் தனியாக இன்னொரு 6,000 கேட்டிருக்கவும் கூடும்.