ட்ரெடில் நிக்கட்டும், தேதியைக் குறைங்க

அக்கா, வணக்கம்.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நாலு வருஷமா வீட்டோட ஒட்டின ரூம்ல சின்னதா ஒரு லெட்டர்பிரஸ், அதாவது எழும்பி நிக்கற எழுத்துல மை தடவி பேப்பர்ல அழுத்தி அடிக்கற அச்சகம், நடத்திட்டு இருக்கோம். காலால மிதிக்கிற பழைய ட்ரெடில் ஒண்ணு, ரெண்டு ரேக் ஈய டைப் (ஈயத்துல வார்த்த அச்செழுத்து). அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, பேர் போட்ட லெட்டர்பேட், நோட் கார்டு எல்லாம் அடிப்போம். டிசைன், கணக்கு, கஸ்டமர் பேச்சு என் வேலை, மெஷின் அவளோடது. போன வருஷம் எனக்கு குழந்தை பொறந்தான், இப்ப எட்டு மாசம். நாத்தனாருக்கு கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா, அந்தப் பத்திரிகையையும் அவளே நின்னு அடிச்சு வச்சுட்டுத்தான் போனா. அடுத்த மாசமே மாமியார் கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு படுக்கையில. குழந்தை ஒரு ரூம், அத்தை ஒரு ரூம், மெஷின் ஒரு ரூம், நான் நடுவுல நடையில. 'மெஷினை வித்துடு, டிசைன் மட்டும் பண்ணு, ஆஃப்செட்ல கொடுத்து அடிச்சுக்கலாம்'ங்கறார் வீட்டுக்காரர். கோபமா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், நியாயமா சொல்றார், அதான் வாய் அடைச்சுப் போச்சு. விக்கறதா வச்சுக்கறதா? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம், பையன் தவழ ஆரம்பிச்சுட்டான், ஈய டைப் வீட்டுல இருக்கலாமா? பேர் போட வேண்டாம்கா.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில சின்ன சந்தேகம்னு ஒண்ணு போட்டீங்களே, அதுதான் பெருசு. அதை முதல்ல பேசிடுவோம், விக்கறது வைக்கறது எல்லாம் ஒரு மாசம் கழிச்சுக்கூட முடிவு பண்ணலாம், இது இன்னைக்கு சாயங்காலமே செய்ய வேண்டியது.

டைப்ல முக்கால்வாசி ஈயம், கூட கொஞ்சம் ஆன்ட்டிமனி, கொஞ்சம் தகரம். கெட்டியா இருக்கற டைப்பைத் தொட்டா தோல் வழியா பெருசா எதுவும் உள்ள போயிடாது, அந்த தைரியத்துலதான் நாமெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு திரியறோம். ஆபத்து தூசியில இருக்கு. டைப் போட்டு வைக்கற தட்டு, அதான் கேஸ், அதுக்கு அடியில சாம்பல் மாதிரி படிஞ்சிருக்கும் பாருங்க, சில டைப் மேல வெள்ளையா மாவு பூத்திருக்கும் பாருங்க, அது ஈயம் அரிச்சு வந்தது, கையில ஒட்டும், கையில இருந்து வாய்க்குப் போகும். தவழற புள்ளைக்கு தரைக்கும் வாய்க்கும் தூரம் எவ்வளவுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. குழந்தை ரத்தத்துல இவ்வளவு ஈயம் வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது, கொஞ்சமே போனாலும் மூளை வளர்ச்சியைத்தான் பிடிக்கும். இன்னொண்ணு, பல வருஷமா உடம்புல சேர்ந்த ஈயம் எலும்புல போய் உக்காந்துக்கும், கர்ப்பமா இருக்கறப்பவும் பால் கொடுக்கறப்பவும் அங்கிருந்து கிளம்பி திரும்ப ரத்தத்துக்கு வரும். நாலு வருஷம் இதோட புழங்கியிருக்கீங்க, டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லி உங்களுக்கும் பையனுக்கும் ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க, அனேகமா ஒண்ணும் இருக்காது, ஆனா எடுத்துட்டா ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

அதுவரைக்கும் அந்த ரூம் கதவு பூட்டியே இருக்கட்டும். கேஸைத் தூக்கி வாயால ஊதறது நம்ம எல்லாருக்கும் உள்ள பழக்கம், அதை இன்னையோட விட்டுடுங்க. துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி. ரூமுக்குன்னு தனி செருப்பு, தனி ஏப்ரன், ரெண்டையும் வாசலைத் தாண்டி கொண்டுவராதீங்க, சோப்பு போட்டு கை கழுவிட்டு அப்புறம் புள்ளையத் தூக்குங்க.

ஈயமே இல்லாமலும் லெட்டர்பிரஸ் அடிக்கலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி நெகட்டிவ் எடுத்து பாலிமர் பிளேட் போட்டுக்கறது. யுவி வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கும், படாத இடம் தண்ணியில கழுவினா போயிடும், எழுத்து மட்டும் எழும்பி நிக்கும். அதை ஒரு அலுமினிய பேஸ் மேல ஒட்டினா மொத்த உயரம் டைப் உயரத்துக்கே வந்துடும், அதாவது 0.918 இஞ்ச். டிசைன் ஏற்கனவே உங்க வேலைதான், அதனால உங்களுக்கு இது புது தொழிலே இல்ல. பிளேட்டை வெளிச்சம் படாம ஜிப் கவர்ல போட்டு படுக்கை வாட்டுல வச்சா திரும்பத் திரும்ப எடுத்து அடிக்கலாம். ஈய டைப்பை மூடி போட்ட டப்பாவுல கட்டி ஏத்தி வச்சுடுங்க, ஆனா அவசரப்பட்டு எடைக்குப் போட்டுடாதீங்க. ‘லை’, ‘னை’, ‘ணை’யில எல்லாம் துதிக்கை மாதிரி கொம்பு முன்னாடி வளைஞ்சிருக்கற பழைய எழுத்து உங்க கேஸ்ல இருந்தா, அது 1978ல எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையா வர்றதுக்கு முன்னாடி புழங்கின வடிவம், உருக்கிட்டா உருக்கினதுதான், திரும்ப வார்க்க ஆள் தேடி அலையணும். (இதை எழுதறப்ப எனக்கு வயிறு எரியுது, ஏன்னு கீழ சொல்றேன்.)

இப்ப மெஷின்.

நான் என் ட்ரெடிலை வித்தவ. எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்த சமயம், பகல்ல அங்க, ராத்திரி வந்து மெஷின்ல. ஒரு அழைப்பிதழ், ஏற்கனவே அடிச்ச ஒரு மேட்டர் (கோர்த்த எழுத்து) கலைக்காம காலிங்கற தட்டுல அப்படியே நின்னுட்டு இருந்தது, அதுலயே பேரை மாத்தி, இடத்தை மாத்தி, தேதியை மாத்தி, கிழமையை மட்டும் மாத்தாம விட்டுட்டேன். ப்ரூஃப் எடுத்தேன், மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் என் மூளை அங்க சனின்னு இருக்க வேண்டியதை சனின்னே படிச்சது, அச்சுல இருந்தது ஞாயிறு. 250 கார்டு அடிச்சு காயவச்சு கவர்ல போட்டு டப்பா கட்டி கொடுத்தாச்சு. பொண்ணோட அம்மா காலண்டரைப் பக்கத்துல வச்சுட்டு ஃபோன் பண்ணாங்க. திட்டவே இல்ல அவங்க, 'உடம்பு சரியில்லையாம்மா'ன்னு கேட்டாங்க, அதுதான் இன்னும் காதுல இருக்கு.

பேப்பர் என் செலவு, திரும்ப அடிச்சுக் கொடுத்தேன், அந்த வாரமே மெஷினையும் டைப்பையும் மொத்தமா எடை போட்டு வித்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு மேஜை மேல வச்சு கையால இழுக்கற ஒரு சின்ன அடானா எட்டுக்கு அஞ்சு வாங்கினேன், இப்ப வரைக்கும் அதுலதான் அடிக்கறேன், நல்ல மெஷின்தான், ஆனா தடி பேப்பர்ல பெரிய டிசைனை நல்லா அழுத்தி அடிக்கணும்னா அதுக்கு மூச்சு வாங்கும். ட்ரெடில் மேல ஒரு தப்பும் இல்லைன்னு எனக்குப் புரிய அந்த ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே வாரத்துல டெலிவரின்னு மூணு பேர் கேட்டாங்க, மூணு பேருக்கும் சரின்னு தலையாட்டினது யாரு, நான். மெஷின் சும்மா நிக்கும், ஒரு வருஷம் நின்னாலும் சோறு கேக்காது. வாக்கு கொடுத்த தேதி நிக்குமா?

அதனால உங்களுக்கு நான் சொல்றது, மெஷினைத் தொடாதீங்க, தேதியைக் குறைங்க. அழைப்பிதழ் ஆர்டரை இப்போதைக்கு நிறுத்திடுங்க, அல்லது மாசத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. கணக்குப் போட்டுப் பாருங்களேன், ரெண்டு கலர்ல 200 அழைப்பிதழும் கவரும்னா மூணு தடவை செட்டிங். பாரம் பூட்டணும் (கோர்த்த எழுத்தை சட்டத்துல இறுக்கறது), பேப்பருக்குப் பின்னாடி வைக்கற ஷீட், அதான் பேக்கிங், அதைச் சரி பண்ணணும், பேப்பரை இடத்துல நிறுத்தற கேஜ் பின்னை நகர்த்தணும், எங்க லேசா விழுது எங்க அழுத்தமா விழுதுன்னு டிஷ்யூ ஒட்டி ஒட்டி மேக்ரெடி பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம் சாதாரணமா போகும். கவர்னா இன்னும் மோசம், உள்ள மடிப்பு வர்ற இடத்துல எழுத்து ஒரு பக்கம் பதிஞ்சு ஒரு பக்கம் பதியாம இழுக்கும். ஓட்டறது என்னவோ ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம்தான். அந்த செட்டிங் நேரத்துக்கு காசு வாங்கறீங்களா? நீங்க சொல்லியிருக்கற ஆர்டரைப் பார்த்தா ஒரு கார்டுக்கு இவ்வளவுன்னு விலை சொல்றீங்கன்னு தோணுது. செட்டிங்குக்கு தனி, ஓட்டத்துக்கு தனின்னு பிரிங்க, கூட்டம் தானா குறையும், குறைஞ்ச கூட்டத்துலயே வீட்டு செலவுக்கு வரும்.

அழைப்பிதழுக்குப் பதிலா உங்க சொந்த டிசைன்ல நோட் கார்டு, லெட்டர் பேப்பர், பரிசு டேக் இதெல்லாம் அடிச்சு ஸ்டாக் வைங்க. பையன் தூங்கின அன்னைக்கு அடிக்கலாம், அத்தைக்கு முடியாத வாரம் அடிக்காமயே விடலாம், யாரும் காலண்டரோட ஃபோன் பண்ண மாட்டாங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. நம்ம வேலையில பாதி, விட்டு விட்டு செய்யறது. டிசைன், பேப்பர் வெட்டறது, பாரம் பூட்டறது, மை கலக்கறது, டப்பா கட்டறது, இதுல எதையும் பாதியில போட்டுட்டு அத்தை கூப்பிட்டா ஓடலாம். மை மட்டும் பார்த்து வாங்குங்க, எண்ணெய் மை தட்டுல ஆடை கட்டிடும், ரப்பர் பேஸ் மை பல மணி நேரம் அப்படியே இளகி இருக்கும், பால் கொடுக்க எழுந்து போயிட்டு வந்து திரும்ப ஓட்டலாம். ஆனா அது பேப்பர் உறிஞ்சித்தான் காயும், பளபளன்னு கோட்டிங் போட்ட பேப்பருக்கு ஆகாது, 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பருக்கு சொகமா இருக்கும். மீதி பாதி வேலை, அதாவது மெஷினை ஓட்டறது, நடுவுல விடவே கூடாதது. அதுக்கு வேற ஒருத்தர் குழந்தையையும் அத்தையையும் பார்த்துக்கற ரெண்டு மணி நேரம் வேணும், காதும் கவனமும் அடுத்த ரூம்ல இருக்கறப்ப தட்டுக்கு நடுவுல கையை விடறது விளையாட்டு இல்ல. தூக்கக் கலக்கத்துல நான் கிழமையைத்தான் விட்டேன், விரலை விட்டவங்களைப் பார்த்திருக்கேன். வாரத்துல அந்த ரெண்டு மணி நேரத்தை வீட்டுக்காரர் கொடுக்கட்டும். நியாயமா பேசற மனுஷன்னு எழுதியிருக்கீங்களே, கேளுங்க. முடிஞ்சா ஒரு நாள் அவரையே மிதிக்கச் சொல்லுங்க, ஐம்பது கார்டு தாண்டினதும் விக்கற பேச்சு வேற மாதிரி வரும், எந்தப் பக்கம் போகும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஆஃப்செட் யோசனையை முழுசா தள்ள வேண்டாம். பில் புக்கு, சாதா லெட்டர்ஹெட் இதையெல்லாம் வெளிய கொடுத்து அடிச்சு வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா டிசைன் மட்டும்னு போயிட்டா கம்ப்யூட்டர் வச்சிருக்கற எல்லாரும் உங்களுக்குப் போட்டி. உங்ககிட்ட வர்றவங்க கார்டை வாங்கினதும் முதல்ல என்ன பண்றாங்க, கட்டை விரலால தடவறாங்க இல்ல? ஆஃப்செட்ல எழுத்து அழுந்தின அந்தப் பள்ளம் கிடையாது. வேடிக்கை என்னன்னா, பழைய கம்போசிட்டர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தா வேலை தெரியாதவன்னு சிரிப்பாங்க, எழுத்து பேப்பரை முத்தம் கொடுத்த மாதிரி தொட்டுட்டு வரணும், பின்பக்கம் தடம் தெரியக்கூடாதுங்கறது அவங்க கணக்கு. இன்னைக்கு அந்தக் குறைக்குத்தான் நமக்குக் காசு.

கொஞ்ச நாள் மெஷினை நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா ரோலரைக் கழட்டி தனியா மாட்டி வைங்க, மை டிஸ்க் மேல அழுத்தினபடியே விட்டா ஒரு பக்கம் தட்டையாயிடும். எண்ணெய் ஓட்டை எல்லாத்துலயும் எண்ணெய் விட்டு, பாரம் உக்கார்ற பெட்டுல லேசா தடவி, துருப்பிடிக்காம துணி போர்த்தி விடுங்க. மை துடைச்ச எண்ணெய்த் துணியை மட்டும் மூலையில குவிக்காதீங்க, சில எண்ணெய் காயறப்ப தானே சூடாகி தீப்பிடிக்கும், மூடி போட்ட தகர டின்னுல போடணும். எப்பவாவது வீடு மாத்தறதா இருந்தா அப்ப எழுதுங்க, வார்ப்பிரும்பு, தலைக்கனமான மெஷின், சாஞ்சுதுன்னா கண்ணாடி மாதிரி உடையும், ஒட்டவும் சுலபமா வராது.

நாத்தனார் பத்தி நீங்க ரெண்டே வரிதான் எழுதியிருக்கீங்க. உங்க கடையில பாதி கிளம்பிப் போயிருக்கு, அந்தப் பாதியோட பத்திரிகையையும் நீங்கதான் டிசைன் பண்ணியிருப்பீங்க. அவங்ககிட்ட மெஷினை வச்சுக்கறதா விக்கறதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாலு வருஷம் மிதிச்சவங்க. உங்க ரெண்டு பேர்ல அந்த மெஷினோட சத்தம் மாறினா கண்டுபிடிக்கறது அவங்கதான், ஒரு ஃபோன் போட்டு மேக்ரெடி, பேக்கிங் அளவு, எந்தப் பேப்பருக்கு எத்தனை ஷீட்டுன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்கங்க, மறந்து போறதுக்கு முன்னாடி.

பதில் எழுதறப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க, உங்க ட்ரெடில்ல த்ரோ-ஆஃப் கைப்பிடி வேலை செய்யுதா? கார்டு கோணலா போயிட்டா தட்டு அழுத்தாம விலகணுமே, அது இறுகிப் போயிருந்தா சரி பண்ற வரைக்கும் யாரையும் மிதிக்க விடாதீங்க, வீட்டுக்காரரையும் சேர்த்து.

அக்கா