கறுப்பு நாயைப் படம் எடுக்கப் புதுக் கேமரா தேவையா?

வீட்டிலேயே, அதிகம் செலவழிக்காமல் நாயை அழகாகப் படம் எடுக்க முடியுமா, அதற்குக் கேமரா வாங்கியே தீர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம், போனே போதும். "எங்கள் நாய் கறுப்பு, அதனால்தான் படம் சரியாக வருவதில்லை என்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை துறுதுறுத்தது.

எங்கள் கறுப்பனைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். சொன்னவர் என் மைத்துனர். விலையுயர்ந்த கேமராவும் அதன் தலையில் ஒரு ஃபிளாஷுமாக வந்தார். முதல் மின்னலிலேயே நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. கிடைத்த படத்தில் சாம்பல் பூசியது போல ஒரு நாய், கண்கள் இரண்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. "கறுப்பு நாய்க்குப் படம் எடுபடாது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு மூட்டையைக் கட்டினார்.

எடுபடாததற்குக் காரணம் நாயின் நிறமல்ல, கேமராவின் கணக்கு. எதைக் காட்டினாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருப்பதாகவே கேமரா எடுத்துக்கொள்கிறது. படம் முழுக்கக் கறுப்பு முடி நிறைந்திருந்தால், "இங்கே இருட்டு" என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு வெளுக்கும், பின்னணி வெளிறிப் போகும். வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்களுக்கு இதே கோளாறு தலைகீழாக வரும். போன் திரையில் நாயின் கண்ணைத் தொடுங்கள். பக்கத்தில் சூரியக் குறி ஒன்று வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கறுப்பு கறுப்பாகிவிடும்.

அந்த வாரமே கறுப்பனை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். பக்கவாட்டில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கறுப்பு முடிக்கு உருவம் கொடுப்பது அதன் மினுமினுப்புதான். நேராக முகத்தில் விழும் ஒளியில் அது தட்டையாகிவிடும். மறுபக்கம், ஜன்னல் ஒளியைத் திருப்பிவிட, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, பின்னால் மங்கிய பழுப்புப் போர்வை. இருண்ட பின்னணி வைத்தால் காதுகள் அதில் கரைந்துவிடும். அறை விளக்குகளை அணைத்துவிட்டேன், இல்லையென்றால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். நடைக்குப் போய்க் களைத்து வந்த நேரம் அது. நான் தரையில் படுத்துக்கொண்டேன். முகத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் மூக்கு மட்டும் பெருக்கும் என்பதால், தள்ளியிருந்து இரண்டு மடங்கு (2x) லென்ஸில் எடுத்தேன். விசித்திரமான ஒலி ஒன்றை எழுப்பியதும் காதுகள் நிமிர்ந்தன. அந்த ஒலியைச் சிக்கனமாகச் செலவழியுங்கள், நாய்க்குச் சீக்கிரம் சலித்துவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள், பல போன்களில் அது மீசை முடியைத் தின்றுவிடும்.

எடுத்த படத்தைத் திருத்துவதற்கு ஸ்னாப்சீட் என்ற போன் செயலி போதும், இலவசம். கணினி என்றால் கிம்ப் என்ற மென்பொருள். நிழலை ஒரு துளி தூக்குங்கள், முடியில் ஏறியிருக்கும் நீலச் சாயலைக் குறையுங்கள், கண்ணை மட்டும் தொட்டு லேசாக வெளிச்சம் கூட்டுங்கள், அவ்வளவுதான். ஃபிளாஷில் எடுத்துப் பச்சையான கண்ணை, மனிதர்களுக்கான சிவப்புக் கண் திருத்தியால் சரிசெய்ய முடியாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு, நமக்கு அது இல்லை. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் விலங்குக் கண்ணுக்கென்றே தனி வசதி இருக்கிறது. ஃபிளாஷைத் தொடாமலிருப்பது அதைவிட எளிது.

கேமரா வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மங்கிய அறையில் குதித்தோடும் நாயைப் பிடிக்க நல்ல கேமரா வேண்டும், மறுக்கவில்லை. இங்கே கேட்கப்பட்டது உட்கார்ந்திருக்கும் நாய்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தை எங்கே போட்டாலும் முதலில் வரும் கேள்வி "என்ன இனம்?" என்பதுதான். கலப்பு என்றதும் மறுபேச்சு இருக்காது. ஒருவர், "பரவாயில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் சொன்னார். நான் ஆறுதல் கேட்டேனா?

படத்தை அச்சிடக் கொடுக்கும்போது, தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். நான் கொடுத்த இடத்தில், சொல்லியும் கேட்காமல் இயந்திரம் மறுபடி வெளுக்க வைத்துவிட்டது. கறுப்பன் மீண்டும் சாம்பல். திருப்பிக் கொடுத்தபோது, "கறுப்பு நாய் என்றால் இப்படித்தான் வரும் சார்" என்றார்கள். போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் மறுபடி அச்சிட்டார்கள்.